கீச்சானும் பதினொரு மடவைகளும்

அந்த மீன் முதலில் கடித்தது என்னைத்தான். மரக்காணத்துக் கழிமுகத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தேன். கால் கட்டைவிரலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெள்ளி உடம்பு, அதில் வில்லாக வளைந்த மூன்று கருங்கோடுகள். மணலில் தேங்காய்மூடி அகலத்துக்கு ஒரு குழி பறித்து வைத்திருந்தது. அந்தக் குழியின் விளிம்பை என் விரல் மிதித்திருந்தது. நான் காலை எடுக்கவில்லை. அது மறுபடியும் கடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் முறையும் கடித்தது. அவ்வளவு பெரிய கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு தேங்காய்மூடி மண்ணுக்காக, மலைபோல் நிற்கும் ஒரு காலோடு சண்டைக்கு வருகிறது. எனக்குத் தீர்மானமாகிவிட்டது. இது என்னோடு திருவண்ணாமலைக்கு வருகிறது.

"கீச்சான்மா அது," என்றாள் பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்த அம்மாள். "கையில புடிச்சா கீச்சு கீச்சுனு கத்தும். முள்ளு குத்தும், பாத்து."

கத்தியது. குத்தியது. விடவில்லை. என் கணவர் கரையில் தன் செருப்பை ஒரு கையிலும் என் செருப்பை மறு கையிலும் பிடித்தபடி நின்றிருந்தார். "எங்கப்பா இன்னா சொல்வாரு தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்," என்றேன். "சோத்துத் தூக்கைக் குடுங்க."

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி இரண்டு வருஷம். நாங்கள் சமணக் குடும்பம். யாருக்கும் நினைவில்லாத காலத்திலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களில் உழுது விதைத்து வாழ்ந்தவர்கள். என் புகுந்த வீடு மட்டும் ஒரு தலைமுறைக்கு முன் டவுனுக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டாமல் தண்ணீர் குடிக்க மாட்டோம். நான் விலங்கியல் படித்தவள். தவளையை அறுக்க மாட்டேன் என்று சொல்லி, பிராக்டிகலில் மார்க்கை விட்டவள். பெண் கேட்டு வந்தபோது என் மாமனாருக்குப் பிடித்துப்போனது அதுதான். "மார்க்கை விட்டாலும் விடுவேன், உயிரை எடுக்க மாட்டேன்னு நின்ன பொண்ணு" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அப்படி நிற்கத் தெரிந்தவள் வேறு இடத்திலும் நிற்பாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காதது என் குற்றமில்லை.

மூன்றடித் தொட்டி. சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவரிடம் சொல்லிச் செய்தது. இரும்புச் சட்டம் வைத்துத்தான் செய்வேன் என்றார் அவர். உப்புத் தண்ணீர் இரும்பை ஒரே வருஷத்தில் தின்றுவிடும் என்றேன். மெட்ராஸிலிருந்து ஒரு டியூப் பசை வரவழைத்து, வெறும் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்ட வைத்தேன். பசை வந்து சேரும்வரை கீச்சான் ஒரு வாளிக் கடல் தண்ணீரில் இருந்தது. "ஒடைஞ்சா என்னக் கேக்கக் கூடாது" என்று கண்ணாடிக்காரர் மூன்று தடவை சொன்னார். உடையவில்லை. கூடத்தில், மலை தெரிகிற ஜன்னலுக்கு எதிரே, மாமனாரின் சாய்வு நாற்காலிக்கு நேராக வைத்தேன். வேண்டுமென்றே அங்கே வைக்கவில்லை. வெயில் நேரடியாக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற ஒரே இடம் அது. வேண்டுமென்றே வைத்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். திருத்தவில்லை.

தண்ணீர்தான் பாடு. மரக்காணத்து உப்பை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் கடல்தானே என்றார் கணவர். கரைத்துப் பார்த்தோம். வாளியில் விட்ட கீச்சான் அரை மணி நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. உப்பு கடலிலிருந்து வரலாம். உப்பிலிருந்து கடல் வருவதில்லை. மீனை அவசரமாகத் தூக்கில் மிச்சமிருந்த கழித் தண்ணீருக்கே மாற்றிவிட்டு, மறுநாள் விடிந்ததும் ஆறு பிளாஸ்டிக் கேன்களோடு பஸ் ஏறினோம். செஞ்சி, திண்டிவனம், மரக்காணம். திரும்பி வரும்போது திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் கேன்களைப் பார்த்துவிட்டார். பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து வருகிற கேன் எல்லாம் அவருக்கு ஒரே கேன்தான்.

"இன்னாம்மா இது, சரக்கா? குடும்பத்தோட கெளம்பிட்டீங்களா?"

"தண்ணிங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தார். "தூ! உப்பு!"

"கடல் தண்ணிங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். "சாராயம் கடத்தனவங்களைப் பாத்துருக்கேன். கடலைக் கடத்தறவங்களை இப்பதான் பாக்கறேன். போங்க, போங்க."

இந்த வசனத்தை நான் பல வருஷம் வைத்திருந்தேன். கடலைக் கடத்துகிறவள். எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது.

வீட்டில் என் மாமியார் வாசலிலேயே மறித்தார். "வடிகட்டாத தண்ணி உள்ள வராது."

"அத்தை, இது குடிக்கற தண்ணி இல்ல."

"நீ குடிக்கல. அது குடிக்குதில்ல?" என்று தூக்கிலிருந்த கீச்சானைக் காட்டினார்.

ஆறு கேன் கடலையும் இரட்டைத் துணியில் வடிகட்டினார். நிதானமாக, ஒரு சொட்டும் சிந்தாமல். அது முடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு, அதே தண்ணீரில் ஒரு சொம்பு விட்டு அலசினார். துணியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் சொம்புக்குள் வந்துவிட்டன. கிணற்றுத் தண்ணீரை வடிகட்டினால் அந்தச் சொம்பு மறுபடி அதே கிணற்றுக்குள் இறங்கும். எந்த நீரிலிருந்து எடுத்தோமோ அந்த நீருக்கே போய்ச் சேர வேண்டும் என்பது வழக்கம். நான் அதை மறந்துபோயிருந்தேன். அவர் மறக்கவில்லை. சொம்பை என் கையில் கொடுத்தார்.

"இதை எங்க விடணும்னு தெரியுமில்ல?"

"எங்க அத்தை?"

"எங்கேந்து எடுத்த?"

சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் பேப்பரைக் கீழே இறக்கினார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் இரண்டு வரி உத்தரவாகத்தான் பேசுவார். "ஒரு சொம்புத் தண்ணிக்காக மரக்காணமா? இந்த வீட்டுப் பொம்பளைங்க அப்படியெல்லாம் பஸ் ஏறிப் போறதில்ல."

"அப்ப நீங்க போய் விட்டுட்டு வரீங்களா?" என்றார் மாமியார். "உயிருங்க. கணக்கில்லாத உயிருங்க. தொட்டியில விட்டா இந்தக் கீச்சான் தின்னும். பாவம் யாருக்கு?"

பேப்பர் மறுபடி மேலே ஏறியது. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை நான் கடலுக்குப் போனேன். போகும்போது ஒரு சொம்பு, வரும்போது இரண்டு கேன். ஒவ்வொரு கேனும் அடுத்த சொம்பைப் பெற்றது. ஒவ்வொரு சொம்பும் அடுத்த பயணத்தைப் பெற்றது. என் வயதுப் பெண்கள் கோயிலுக்குப் போகக்கூடத் துணை தேடிய காலத்தில், தனியாகப் பஸ் ஏறிக் கடலுக்குப் போய்வர எனக்கு உரிமை வாங்கித் தந்தது எந்தப் புரட்சியும் இல்லை, ஒரு வடிகட்டித் துணி.

இரண்டாவது பயணத்தில் மடவைகளைக் கொண்டுவந்தேன். உப்பள வாய்க்காலில் விரல் நீளக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒரே கை திரும்புவதுபோல் திரும்பிக்கொண்டிருந்தன. வலைக்கார அம்மாள் முந்தானையால் ஒரு வீச்சு வீசி அள்ளித் தந்தாள்.

"குழம்புக்கு இது பத்தாதேம்மா."

"குழம்புக்கில்லம்மா. வளர்க்க."

"மடவையையா?" அவள் சிரித்த சிரிப்பில் முந்தானையில் மிச்சமிருந்தவை தண்ணீருக்குத் தப்பின. "அப்படியே நாலு காக்காவையும் புடிச்சினு போயேன்."

பதினொன்று. அவற்றைத் தொட்டியில் விட்ட நிமிஷம், நான் படித்த படிப்புக்கு வெட்கப்பட வேண்டிய தவறைச் செய்தேன் என்று தெரிந்துவிட்டது. எல்லை கட்டுகிற மீனை முதலில் விடக் கூடாது. கீச்சான் ஒரு மாதம் அந்தத் தொட்டியில் தனியாக இருந்திருக்கிறது. நடுவில் குழி பறித்து, மூன்றடியையும் தன் பெயருக்கு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. கடலில் ஒரு தேங்காய்மூடிக்குச் சண்டை போட்டது, இங்கே முழு வானத்துக்கும் போட்டது. மடவைகள் ஒரு மூலையில் நெருங்கி, ஒன்றன் பின் ஒன்று ஒளிந்து, ஒரே நடுக்கமாக நின்றன. கீச்சான் அம்புபோல் பாய்ந்து ஒன்றை உரசிவிட்டுத் திரும்பும். உரசிய இடத்தில் ஒரு செதில் குறையும். மிதந்து கீழிறங்குகிற அந்த மினுமினுப்பை அது வாயில் வாங்கிக்கொள்ளும். ஆமாம், செதில் தின்கிற மீன் அது. எனக்கு அப்போது தெரியாது. கழியில் அது என் விரலைக் கடித்தபோது எனக்குச் செதில் இல்லாததுதான் அதன் வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

மாமனார் மூன்று நாள் பார்த்தார். நாற்காலி நேரெதிரே இருந்ததால் பார்க்காமல் இருக்க முடியாது. ஆடி பிறந்திருந்தது, புழு பூச்சி பெருகுகிற மழைக்கால நான்கு மாதம், எங்களுக்கு விரதம் கூடுகிற காலம். நாலாம் நாள் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"எறும்புக்கு வழிவிட்டு நடக்கற வீடும்மா இது. இங்க நடுக்கூடத்துல ஒண்ணு ஒண்ணைத் தின்னுது. நாம ஒக்காந்து வேடிக்கை பாக்கறோம்."

"தின்னலை மாமா. செதிலைத்தான் பிடுங்குது."

"செதில் உயிர் இல்லையா?"

"நீங்க நகம் வெட்டிக்கறீங்களே."

கணவர் இருமிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டார். அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். மாமனார் சிரிக்கவில்லை. "அந்தக் கீச்சானைத் தூக்கித் தனிப் பானையில போடு. பிரச்சினை முடிஞ்சுது."

எல்லோரும் சொன்னது அதைத்தான். கணவர் சொன்னார், எதிர்வீட்டு வாத்தியார் சொன்னார், பால் ஊற்ற வந்தவர்கூடச் சொன்னார். சண்டைக்காரனைத் தனியாகப் போடு. ஏன் முடியாதென்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை; இப்போதும் முழுசாக இல்லை. ஒரு நாள் தனிப் பானையில் போட்டுத்தான் பார்த்தேன். கீச்சான் பானைச் சுவரை முட்டி முட்டி மூக்கு வெளுத்தது. தொட்டியில் மடவைகள் நிம்மதியாகவா இருந்தன? அதே மூலையில் அதே நெருக்கத்தில்தான் நின்றன. பயப்பட ஆள் இல்லாதபோதும் பயம் இருந்தது. கழியில் இரண்டையும் ஒரே தண்ணீரில் பார்த்தவள் நான். கடலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்றால் அது என் குறை, மீனின் குறை இல்லை. சாயங்காலம் கீச்சானை மறுபடி தொட்டியில் விட்டேன்.

"தனிப் பானை கெடையாது மாமா," என்றேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

அந்த வீட்டில் அவரிடம் 'கெடையாது' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தியிருக்கவில்லை.

"சரி," என்றார். ஆபீஸ் குரல். "தீபாவளி விடியல் வரைக்கும் கெடு. அதுக்குள்ள ஒரு மீனால இன்னொரு மீன் செத்துது, தொட்டி வெளிய போவும். கடல் பயணமும் அத்தோட முடிஞ்சுது. மறுபேச்சு கூடாது."

"சாகலைன்னா?"

"சாகலைன்னா இருக்கட்டும்."

"எத்தினி நாளைக்கு?"

"இருக்கற வரைக்கும்."

"அத்தை, கேட்டுக்குங்க."

"கேட்டுக்கினுதான் இருக்கேன்," என்றார் மாமியார் சமையலறையிலிருந்து. "செவுடா நான்?"

தீபாவளி எங்களுக்குத் தீர்த்தங்கரர் முக்தி பெற்ற விடியல். பட்டாசு கிடையாது, விளக்குதான். ஆடியிலிருந்து ஐப்பசி வரை எனக்கு மூன்று மாதம் இருந்தது.

உட்கார்ந்து பார்த்தேன். வேலை முடிந்த மத்தியானங்களில் தரையில் உட்கார்ந்து, கன்னத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜன்னலில் நிற்கிற மலை கண்ணாடியில் விழும். மடவைகள் மலைக்குள் புகுந்து மலைக்கு வெளியே வரும். முதல் வாரத்தில் நான் கண்டுபிடித்தது இதுதான்: கீச்சான் தொட்டியைக் காக்கவில்லை, குழியைக் காக்கிறது. குழிக்கு மணல் வேண்டும். மணல் தொட்டி முழுக்கப் பரவியிருந்ததால் எங்கேயும் குழி வரலாம், எனவே எல்லா இடமும் அதன் இடம். மீன்களை வாளிகளுக்கு மாற்றிவிட்டு, மணலை முழுக்க அள்ளி ஒரு மூலையில் மட்டும் குவித்தேன். மிச்ச இடத்தில் கூழாங்கல். நடுவில் உடைந்த பானையின் பாதியை நிறுத்தினேன், இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரியாதபடி. இரண்டு நாள் கழித்து, மடவைகளை முதலில் விட்டேன். அவை சுற்றிப் பார்த்துப் பழகியபின், கீச்சானைக் கடைசியாக, புதிதாக ஊருக்கு வந்தவன்போல விட்டேன்.

அது சுற்றியது. கூழாங்கல்லை மூக்கால் தள்ளிப் பார்த்தது. தோண்ட முடியவில்லை. மூலை மணலைக் கண்டது. குழி பறித்தது. ஒரு தேங்காய்மூடி அகலம். பானையோட்டைத் தாண்டி வந்த மடவையைத் துரத்தியது, ஓட்டின் விளிம்போடு நின்றது, திரும்பியது. விளிம்போடு நின்றது! நான் தரையில் உட்கார்ந்தபடியே கை தட்டினேன்.

இரண்டாவது கண்டுபிடிப்பு பசி. இந்த வீட்டில் மாமிசம் வராது, கொசுப்புழுவும் வராது. "அதுக்கு எத்தினி அறிவு தெரியுமா?" என்று மாமனார் விரல் மடக்குவார். மடவைகளுக்குக் கவலையில்லை, கண்ணாடியில் படிகிற பச்சையையும் ஊறின பயத்தம்பருப்பையும் மேய்ந்துவிடும். கீச்சானுக்கு அது போதாது. போதாததைத்தான் அது மடவைகளின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. என் கணவர் பால் சொசைட்டியில் வேலை பார்த்தார். திரிந்து போன பாலை அங்கே கீழே ஊற்றுவார்கள். அதைத் தூக்கில் கொண்டுவரச் சொன்னேன். கட்டியைத் துணியில் பிழிந்து, நாலு தண்ணீரில் அலசி, மிளகளவு உருட்டி, குச்சி முனையில் வைத்து நேராகக் குழிக்கே நீட்டினேன். முதலில் அதற்கு, பிறகுதான் மற்றவற்றுக்கு. எல்லாம் பொழுது சாய்வதற்குள். கீச்சான் வாங்கிக்கொண்டது. இரண்டு வாரத்தில் மடவைகளின் உடம்பில் வெறுமையாயிருந்த இடங்களில் புதுச் செதில் துளிர்த்தது.

அதே சொசைட்டியிலிருந்து ஒரு லாக்டோமீட்டரும் வந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடிக் குழாய். நாள் போகப் போகத் தொட்டித் தண்ணீர் ஆவியாகி உப்பு கூடிவிடும். எவ்வளவு கிணற்றுத் தண்ணீர் சேர்ப்பதென்று தெரியாமல் தவித்தபோது, எதற்கும் பார்ப்போம் என்று மிதக்கவிட்டேன். மரக்காணத்துத் தண்ணீர், நல்ல பால் நிற்கிற கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது.

"பாற்கடல்னு சும்மா சொல்லல போல," என்றார் கணவர். "சொசைட்டிக்கு ஊத்தனா பாஸ் பண்ணிடுவோம்."

மின்வெட்டுக்கு லாரி டியூப். தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டார் நின்றால், ஏற்கெனவே காற்றடித்து வைத்த டியூபின் வால்வில் ரப்பர் குழாயைச் செருகி, குமிழியைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். கூடத்தின் நடுவில் ஒரு லாரி டியூப் படுத்திருப்பதைப் பற்றி வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். "மருமவளோடது" என்பார் மாமனார், வேறு விளக்கம் தராமல்.

புரட்டாசியில் தொட்டி அமைதியானது. அமைதியானதும் உவமைக்காரர்கள் வந்தார்கள். எதிர்வீட்டு வாத்தியார் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "ஒற்றுமையே பலம்மா, இதை வகுப்புல சொல்லப்போறேன்" என்றார். சொல்லாதீர்கள் என்றேன். மடவைகள் ஒற்றுமையாக இல்லை சார். ஒவ்வொன்றும் அடுத்ததன் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்க்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஒளியப் பார்ப்பதைத்தான் நீங்கள் ஒற்றுமை என்கிறீர்கள். அவர் காப்பியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். கணவர், "கீச்சான் எங்கப்பா மாதிரி" என்றார். மாமியார் உள்ளேயிருந்து, "போடா. உம் பொண்டாட்டி மாதிரி" என்றார். அதற்கப்புறம் வீட்டில் என் பெயரே அதுவாகிவிட்டது. கீச்சான் குளிச்சிட்டாளா, கீச்சான் சாப்ட்டாளா.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கூட்டத்தோடு போகிறவளுக்கு மடவை என்று யாரும் பெயர் வைப்பதில்லை. நிற்கிறவளுக்குத்தான் பெயர் வைக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த மீன் என் உவமை இல்லை. யாருடைய உவமையும் இல்லை. அது ஒரு மீன். நான் அதை வைத்திருந்தது அது மீனாக இருந்ததற்காக.

தீபாவளிக்கு முதல் நாள் பதினொன்றும் இருந்தன. எண்ணுவது எளிதில்லை, ஓடுகிற கூட்டத்தை எண்ண முடியாது. சாப்பாட்டு நேரத்தில், அவை மேலே வாய் வைக்கும்போது மட்டும் எண்ணலாம். இரண்டு தடவை எண்ணினேன். பதினொன்று. மாமனாரும் நாற்காலியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவருடைய உதட்டில் தெரிந்தது.

விடியலில் எழுந்தேன். வீடு முழுக்க விளக்கேற்ற வேண்டும். தொட்டியின் கண்ணாடி மூடியில் உப்புப் படிந்து வெள்ளை பூத்திருந்தது. பண்டிகையும் அதுவுமாக இது இப்படியா இருப்பது என்று மூடியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். தேய்த்துக் கழுவினேன். திரும்புவதற்குள் மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு பிடித்துக்கொண்டார். தலைக்கு எண்ணெய், சீயக்காய், வெந்நீர். மூடி கிணற்றடிச் சுவரில் சாய்ந்து நின்றது. நான் அதை மறந்துபோனேன்.

தெருவில் ஆட்டம் பாம் வெடித்தது. வாசலிலேயே வைத்ததுபோல். வீடு அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவது வெடிக்கும்போதுதான் மூடி என் கண்ணில் பட்டது.

ஈரத் தலையோடு ஓடினேன். தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் தண்ணீர். மடவை துள்ளுகிற சாதி. பயந்தால் மேலே போகும். கடலில் மேலே வானம் இருக்கிறது, திரும்பிக் கடலிலேயே விழலாம். ஒன்று சாய்வு நாற்காலியின் கீழே கிடந்தது. சிவப்புத் தரையின் தூசு ஒட்டி, கண் திறந்து. கையிலெடுத்துத் தண்ணீரில் பிடித்தேன், வாயில் தண்ணீர் ஓட முன்னும் பின்னும் அசைத்தேன். அசைவு முழுவதும் என்னுடையதாகவே இருந்தது.

மற்றவை உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன, ஒரே கை திரும்புவதுபோல். கீச்சான் தன் குழியில் உட்கார்ந்திருந்தது. அது பானையோட்டைத் தாண்டியிருக்கவே இல்லை.

கூடத்தில் யாரும் இல்லை. பின்கட்டில் குளியல் சத்தம். முருங்கை மரத்தடியில் ஒரு கைப்பிடி மண் தோண்டினால் போதும். பத்துக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாமனாருக்குச் சாயங்காலம்வரை ஆகும்; அதற்குள் விடியல் முடிந்து, கெடுவும் முடிந்து, நான் ஜெயித்திருப்பேன். கூட்டத்தின் சௌகரியம் அது. ஒன்று குறைந்தால் உடனே தெரியாது. இடம் தானாக மூடிக்கொள்ளும்.

தானாக மூடிக்கொள்ளும் என்பதாலேயே என்னால் மூட முடியவில்லை. குழிக்காரன் செத்தால் குழி காலியாகக் கிடந்து சொல்லும். இந்த விரல் நீள மீனுக்கு அதுவும் இல்லை. நான் சொல்லாவிட்டால் இது இருந்ததே இல்லை.

ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மாமனார் புது வேட்டியில், கோயிலுக்குக் கிளம்ப நின்றிருந்தார். கணவர் வாயில் அதிரசம்.

"மாமா. ஒண்ணு செத்துப்போச்சு."

அவர் இலையைப் பார்த்தார். "கீச்சானாலயா?" அந்தக் குரலில் கோபம் இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

"கீச்சான் இல்ல. நான். மூடியக் கழுவ எடுத்துட்டு மறந்துட்டேன். வெடிச் சத்தத்துக்குத் துள்ளி வெளிய விழுந்துடுச்சு."

"மீனால போறதைவிட மனுஷங்க கையால போனா பாவம் ஜாஸ்தி."

"ஆமா மாமா."

"அப்ப?"

"அப்ப பிராயச்சித்தம் எனக்கு. தொட்டிக்கு இல்ல. மீனால மீன் செத்தா தொட்டி போவும்னு சொன்னீங்க. சாகலை. நீங்க சொன்ன சொல்லு இருக்கு. என் தப்புக்கு நான் இன்னைக்கு உபவாசம். தண்ணியும் வேணாம்."

"பண்டிகை நாளும்மா இது!"

"நாள் குறிச்சது நீங்கதான்."

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

"சாயங்காலம் தெரிஞ்சிருக்கும். நீங்க எண்ணறீங்களே."

அவர் முகம் சிவந்தது. கணவரால் அதிரசத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாமியார் ஈரக் கூந்தலை முடிந்தபடி வந்து இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதிரசம் பத்து நாளைக்குக் கெடாது," என்றார். "உன் பங்கை எடுத்து வெக்கறேன். போய்ப் பொதைச்சிட்டு வா, ஆழமா. பூனை தோண்டும்."

அன்று முழுக்க நான் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் காரணம் கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் சொன்னேன், முழுசாக, மூடியிலிருந்து முருங்கைமரம் வரை. ஒரு மடவைக்கா என்று சிரித்தவர்களுக்கும் சொன்னேன். மாமனார் கோயிலிலிருந்து திரும்பி வந்து, சாய்வு நாற்காலியை இரண்டு கையாலும் இழுத்து, தொட்டிக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அது அப்படியேதான் இருந்தது. நான் திருப்பவில்லை. தொட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை. எங்களுக்கு நடுவில் அந்த நாற்காலியின் முதுகு நின்றது. அவர் இருந்தவரை அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது.

கார்த்திகையில் சொம்போடு மரக்காணம் போனேன். வடிகட்டிய உயிர்களைக் கழியில் விட்டேன். வலைக்கார அம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு தயாராக நின்றாள். "மடவை வேணுமா? ஒண்ணு போச்சுன்னியே, ஒண்ணு தரேன். ஒண்ணுன்னா ஒண்ணு கணக்கு சரியாப் பூடும்."

வேண்டாம் என்றேன். இரண்டு கேன் தண்ணீர் மட்டும் போதும்.

அதற்குப் பிறகும் அந்தத் தொட்டி பல வருஷம் இருந்தது. மீன்கள் வளர வளரக் கழிக்கே கொண்டுபோய் விட்டேன், வேறு கீச்சான்கள் வந்தன, வேறு கூட்டங்கள் வந்தன. அது பின்னால். அந்த வருஷம் யார் வந்து எத்தனை மடவை என்று கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். நாற்காலிவரை கேட்கும்படி சத்தமாகத்தான் சொல்வேன்.

"பத்து. பதினொண்ணு இருந்துச்சு."